மறுப்பதற்கு ஏழு நாள்

மார்ச் 3, திங்கள்

மைனஸ் எட்டு. டிரைவ்வேயில் பனி. அள்ளவில்லை.

அச்சகக்காரர் மீண்டும் அழைத்தார். செல்வியின் முப்பத்தோராம் நாளுக்கான கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அதன் அட்டைக்குப் படம் வேண்டுமாம். அடுத்த வாரம் செவ்வாய்தான் கடைசி. என்னிடம் இருப்பது பாஸ்போட் படம். சிரிக்கக் கூடாதென்று சொல்லி எடுத்தது. மற்றதெல்லாம் அவளுடைய போனில். போன் பூட்டியிருக்கிறது.

மகள் அபி, விட்பியிலிருந்து: "அப்பா, அம்மா எல்லாத்தையும் அந்தப் பாஸ்வேர்ட் மானேஜருக்குள்ளதான் வச்சிருந்தவ. மாஸ்டர் பாஸ்வேர்ட் அவவுக்கு மட்டும்தான் தெரியும். பட், உங்களை எமர்ஜென்சி கொன்டாக்ட்டாப் போட்டிருக்கிறா. ஜஸ்ட் ரிக்வெஸ்ட் பண்ணுங்கோ."

செய்தேன். திரையில்: கோரிக்கை செல்விக்கு அனுப்பப்பட்டது. ஏழு நாளுக்குள் அவர் மறுக்காவிட்டால் திறக்கும்.

பால், பாண், உப்பு வாங்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

பனியும் மழையும். வேலை. மார்க்கம் நகர் வரை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை.

செல்வியின் டேப்லெட் அடுப்படியில். அவளுடைய மின்னஞ்சல் அதில் திறந்தே கிடக்கிறது. என் கோரிக்கை அங்கே வந்திருக்கிறது. அனுமதிக்க மாஸ்டர் பாஸ்வேர்ட் கேட்கிறது. மறுக்க ஒரு தட்டுப் போதும். பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அவளுடைய அக்கா, ராணி மச்சாள், எட்டாம் நாள் சடங்குக்குப் பிறகும் எனக்காக இங்கே நிற்கிறார். அந்த டேப்லெட்டில் தேவாரம் போட்டுவிட்டுச் சமைப்பார்.

மார்ச் 6, வியாழன்

வெயில். சூடில்லாத வெயில். லீவு.

காலையில் எனக்கு மின்னஞ்சல்: செல்வி உங்கள் கோரிக்கையை மறுத்துவிட்டார்.

இரண்டு தரம் வாசித்தேன். உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை. என்மேல் என்ன கோபம் என்று மட்டும் யோசித்தேன். சும்மா இல்லை, உண்மையாகவே யோசித்தேன்.

அடுப்படிக்குப் போனேன். மச்சாள்: "தம்பி, ஆரோ தங்கச்சியின்ர கணக்குக்குள்ள பூரப் பாக்கிறாங்கள். உடன மறிச்சுப்போட்டன். வட்ஸ்அப்பில ஒவ்வொரு நாளும் சொல்லுறாங்களெல்லே, உப்பிடி வந்தா விடக்கூடாதெண்டு."

"அது நான்தான் மச்சாள்."

கரண்டியை வைத்தார். "ஐயோ, இங்கிலீசில கிடந்தது. பேரைப் பாக்கேல்லையே."

திரும்பவும் கோரிக்கை. திரும்பவும் ஏழு நாள். அச்சுக்கு வாய்க்காது.

மதியம் புடலங்காய்க் கறி. உப்பில்லை. சாப்பிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

பாஸ்போட் படத்தைக் கொடுத்தேன். அச்சகக்காரர்: "அண்ணை, முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி விடட்டோ?" ஓம் என்றேன். எதைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றிருப்பேன்.

மார்ச் 13, வியாழன்

முப்பத்தோராம் நாள். ஐயர் பிந்தினார். சாப்பாடு மிஞ்சியது. கல்வெட்டும் ஒரு பெட்டி மிஞ்சியது.

பின் வரிசையில் யாரோ: "உது செல்வியே? ஆள் மாதிரியே தெரியேல்ல."

மச்சாளுக்கும் கேட்டிருக்க வேண்டும். காரில் ஏறும்போது அழுதார். "நான்தான் கெடுத்துப்போட்டன், தம்பி." பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. கோபமும் வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

எழும்பினதும் பார்த்தேன். திறந்திருந்தது. மறுப்பு வரவில்லை.

வரிசையாகப் பெயர்கள். வங்கி, ஹைட்ரோ மின்சாரக் கணக்கு, என் பல் வைத்தியர். போனைத் திறக்கும் இலக்கமும் இருந்தது. படங்கள் வந்தன. ஏரிக்கரையில் சோளம் தின்கிறாள், பல்லிடுக்கில் சோளத்தோடு சிரிக்கிறாள். நான் எடுத்ததுதான். அச்சுக்கு இதைத்தான் கொடுத்திருப்பேன்.

அபி வந்தாள். பாஸ்வேர்ட் மறந்தால் திறக்க உதவும் மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து, தீப்பிடிக்காத பெட்டியில் பாஸ்போட்டுகளோடு வைத்தோம். "அப்பா, உங்கட எக்கவுண்டில எமர்ஜென்சி கொன்டாக்ட் இன்னும் அம்மாதான். என்ர பேரைப் போடுங்கோ."

செல்வியின் பெயரை அழிக்கவா என்று கேட்டது. அழித்தேன். அபியின் பெயரைப் போட்டேன்.

நான் மறுக்க எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டது. செல்வி ஏழு வைத்திருந்தாள். நான் ஒன்று வைத்தேன். பிள்ளை காத்திருக்க வேண்டாம்.