செவ்வாய்க்கிழமை வாங்காத குதிரை

மே 18, ஞாயிறு
தூறல். குளிர் இன்னும் போகவில்லை. மகள் சுமதியோடு பிக்கரிங் தாண்டி வடக்கே ஒரு பண்ணை. குதிரை பார்க்க. (பெயரை முழுதாக எழுதக் கை வலிக்கிறது. இனி சு.)

சு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். மருமகன் செத்து நாலு வருடம். முதல் வருடம் பேச்சே இல்லை. பிறகு யாரோ ஒரு குதிரைப் பண்ணைக்குக் கூட்டிப்போக, அங்கேதான் சிரித்தாள். இப்போது பரல் ஓட்டம். மூன்று பரல்கள், தகரப் பீப்பாக்கள், குதிரையில் அவற்றைச் சுற்றி வளைந்து, யார் விரைவாகத் திரும்பி வருவது என்று. இரவல் குதிரை. அதற்கும் வயதாகிவிட்டது, இந்த வருடம் ஓடாது.

பார்த்தது:
பெட்டை. மண்ணிறம். ஒன்பது வயது.
நெற்றியில் வெள்ளை.
என் சட்டைப் பொத்தானைக் கடித்தது!

விற்பவர்கள் டயானும் அவர் புருசனும். அவர்கள் சொன்னதை சு. தமிழில் சொன்னாள்: செவ்வாய் காலை மிருக வைத்தியர் பார்ப்பார். அதன் பிறகு, முற்பணத்தோடு முதலில் வருகிறவருக்கு.

காரில், "அப்பா, ரெண்டு வருசமா இதைத்தான் தேடினனான்."

மே 19, திங்கள்
விடுமுறை. வோபர்னில் முதியோர் தமிழ் வகுப்பு இன்று இல்லை. (எழுபத்துநாலு வயதில் அ எழுதினேன்.) தேத்தண்ணியோடு கலண்டரை நானே வாசித்தேன். யாரையும் கேட்கவில்லை. செவ்வாய் அட்டமி. புதன் நவமி. மூன்று தரம் வாசித்தேன். சரிதான். என்ன சந்தோசம்! குசினிக்குப் போய்ச் சொன்னேன்.

"பிள்ளை, நாளைக்கு அட்டமி. மற்ற நாள் நவமி. வியாழன் போவம்."
"ஆர் சொன்னது?"
"ஆர் சொல்லுறது? நான் வாசிச்சனான்."
"அவைக்கு உந்த அட்டமி நவமி தெரியாதப்பா. வித்துப்போடுவினம்."
"உன்ர கலியாணமும் நாள் பாக்காமல்தானே நடந்தது."

சு. அடுப்பை நிற்பாட்டினாள். "சரி. வியாழன்."
அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மே 22, வியாழன்
வெயில். சு. வேலை முடிந்து வந்ததும் புறப்பட்டோம். எனக்குப் புதுச் சட்டை.

கேற்றடியிலேயே டயான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விற்றாயிற்று. நேற்றுப் பின்னேரம், அல்பேர்ட்டாக்காரர். ஞாயிறு லொறியில் ஏற்றுவார்கள். செவ்வாய் முழுக்க உன் போனுக்காகக் காத்திருந்தேன் என்றாராம்.

வரும் வழியில் சு. றேடியோ போட்டாள். நிற்பாட்டினாள்.
"பரவாயில்லையப்பா. வேற வரும்."
அவளால் வாங்கக்கூடியதாக இன்னொன்று வராது. இருவருக்கும் தெரியும்.

உண்மையை இங்கே எழுதுகிறேன். அட்டமிக்குப் பயந்தவன் இல்லை நான். கனடாவுக்கு பிளேன் ஏறியது நாள் பார்த்தா? நானாக வாசித்த ஒன்றை வீட்டில் ஒருவர் கேட்டு நடக்கவேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான். அதற்குப் போய் அவள் புருசனை இழுத்தேன்.



மே 25, ஞாயிறு
காற்று. லொறி பன்னிரண்டுக்குத்தான், வந்து ஒருதரம் ஓடிவிட்டுப் போ என்று டயான் சு.வைக் கூப்பிட்டிருந்தார். வாங்கியவர்களுக்கும் சம்மதம். போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள்.

தன் போனை என் கையில் தந்தாள். நேரம் பார்க்க. புறப்படும்போது ஒருதரம் அமத்தவேண்டும், வந்து சேர்ந்ததும் ஒருதரம்.

ஒரு பரலும் விழவில்லை. மண் என் முகமெல்லாம். குதிரை வளையும்போது இவளும் அதோடு வளைந்தாள். இரவல் குதிரையில் அவளுடைய ஆக விரைவான ஓட்டம் பத்தொன்பது விநாடி.

இறங்கி ஓடி வந்தாள். மூச்சு வாங்குகிறது.
"எவ்வளவப்பா?"
"அமத்த மறந்துபோனன் பிள்ளை."
"உங்களை நம்பினன் பாருங்கோ!"

சிரித்தாள். பிறகு திரும்பிப் போய், குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். லொறி வரும் வரைக்கும்.

போனில் காட்டிய நேரத்தைப் பூச்சியமாக்கித்தான் திருப்பிக் கொடுத்தேன். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். பதினாறு விநாடி.