ஒரு காலி நெடுவரிசையும் அறுபது தொலைபேசி எண்களும்

அனுப்புநர்:
கணக்காளர்,
எரிவாயு அடுப்பு மற்றும் உதிரிபாக விற்பனை நிலையம்,
முதல் மாடி, சந்தைச் சாலை.

பெறுநர்:
விசாரணை அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம்,
அறை எண் 12, புதிய கட்டடம்.

பொருள்: எங்கள் பொருத்துநர் மீது சுமத்தப்பட்ட 'பொய்ப் பதிவு' குற்றச்சாட்டை நீக்கவும், விற்பனை விவரங்களை உருப்படியாகத் தர மறுக்கும் கணக்கு மென்பொருள் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல், என் பிழையை ஒப்புக்கொள்ளுதல்.

பார்வை: 1. தங்கள் அறிவிப்பு, ஆகஸ்ட் 29. 2. எங்கள் கடையின் விளக்கக் கடிதம், ஆகஸ்ட் 26. 3. விபத்தில் காயமடைந்தவர் தங்களிடம் அளித்த வாக்குமூலம்.

மரியாதைக்குரிய விசாரணை அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

1. மேற்படி கடையில் நான் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். இதே கடையில் பதினான்கு ஆண்டுகளாக அடுப்பு பொருத்தும் வேலை செய்பவர்தான் தங்கள் அறிவிப்பில் குறிப்பிடப்பட்டுள்ள பொருத்துநர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருப்பதால் கடையில் எல்லோருக்கும் அவர் 'ஸ்பேனர்'. செப்டம்பர் 18 அன்று நடக்கவுள்ள விசாரணையில் அவருடைய பொருத்துநர் உரிமம் ரத்து செய்யப்படலாம் என்று தங்கள் அறிவிப்பு கூறுகிறது. தங்கள் அலுவலகம் வாங்கி வைத்திருக்கும் அந்த உரிம அட்டை திரும்பி வராவிட்டால் இந்த ஊரில் எந்தக் கடையும் அவரை ஓர் அடுப்பைத் தொட விடாது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. ஆகவே விசாரணைக்கு முன்பே இம்மனுவைப் படித்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. ஆகஸ்ட் 3 அன்று குழாய் தயாரிப்பாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 0417 என்ற பேட்ச் எண்ணுள்ள எரிவாயுக் குழாய்கள் வெடிப்பு விடுகின்றன, அவற்றை வாங்கிய வீடுகளைத் தேடிப்பிடித்து இலவசமாக மாற்றித் தர வேண்டும் என்பது அதன் சாரம். பட்டியல் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. யாருக்கு எதை விற்றோம் என்பதெல்லாம் எங்கள் கணக்கு மென்பொருளில் இருக்கிறது. இருக்கிறது என்பது வேறு, எடுப்பது வேறு என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

3. இந்த மென்பொருளில் 'விரிதாளுக்கு அனுப்பு' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வருவது விரிதாள் அல்ல, விரிதாள் வேடம் போட்ட அச்சுப் பக்கம். நாற்பது வரிக்கு ஒருமுறை கடையின் பெயரும் முகவரியும் நடுவில் வந்து உட்காரும். ஒரு பில்லில் ஐந்து பொருள் இருந்தால் முதல் வரியில் மட்டும் வாங்கியவர் பெயர் இருக்கும். மற்ற நான்கு வரிகளும் வெறுமையாகக் கிடக்கும். அடுப்பு முதல் வரியிலும் குழாய் நான்காம் வரியிலும் இருந்தால் குழாய்க்கு ஆள் இல்லை. அந்தப் பெயர்களை எல்லாம் நான் ஒவ்வொன்றாகக் கீழே இழுத்து நிரப்பினேன்.

4. அடுத்து, 0417 என்ற எண்ணின் முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போனது. வேறொரு தயாரிப்பாளரின் 417 என்ற பேட்சும் எங்களிடம் உண்டு. இரண்டும் கலந்து நூற்று நாற்பது வரியாக வந்து நின்றன. மென்பொருளின் இருப்புத் திரையில் பூஜ்யம் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தத் திரையில் பில் எண்ணும் பேட்ச் எண்ணும் மட்டுமே தெரியும். ஆகவே நூற்று நாற்பது பில் எண்களையும் ஒரு தாளில் எழுதி, திரையைப் பார்த்துப் பார்த்து டிக் போட்டு, அறுபத்து மூன்றைப் பிரித்தெடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள் என்று அன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் கூட ஏறியது. அந்தத் தலைக்கனத்தில்தான் அடுத்ததைக் கோட்டை விட்டேன்.

5. இந்த வேலைக்கு நடுவே மென்பொருள் நிறுவனத்தின் உதவி மையத்தை மூன்று நாளில் பதினொரு முறை அழைத்தேன். எட்டு முறை இசை கேட்டேன். மூன்று முறை ஆள் கிடைத்தது. மூன்று முறையும் ஒரே பதில்: "மேடம், அது பிரிண்ட் எடுக்கத்தான். வரி வரியா டேட்டாவா வேணும்னா நீங்க மேல் பிளானுக்கு மாறணும்." ஆபத்தான குழாய் விஷயம், வீடுகளில் ஆள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். "புரியுது மேடம், குறிச்சு வச்சுக்கிறேன்" என்றார் அந்தத் தம்பி. குறித்து வைத்ததற்கு ஓர் எண்ணும் கொடுத்தார். இன்றுவரை அந்த எண்தான் என்னிடம் இருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளாக நாங்களே உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக உள்ளிட்ட விவரம் ஐயா அது. அதை நாங்கள் திரும்பக் கேட்டால் தனிக் கட்டணம் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

6. இனி என் பிழைக்கு வருகிறேன். அறுபத்து மூன்று வரியையும் தனித் தாளில் போட்ட பிறகு, ஸ்பேனர் தெருத்தெருவாகப் போய் வர வசதியாக இருக்கட்டும் என்று, தெருப் பெயர்களை அகர வரிசைப்படுத்தினேன். பெயர், தெரு, பில் எண், பேட்ச் எண் ஆகிய நான்கும் அடுத்தடுத்து இருந்தன. தொலைபேசி எண்ணுக்கு முன்னால் மட்டும், அச்சில் இடைவெளி அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, மென்பொருள் ஒரு காலி நெடுவரிசையை விட்டிருந்தது. நூல் கனத்துக்கு மெலிந்த அந்தக் காலி இடம் என் கண்ணில் படவில்லை. விரிதாளைப் பொறுத்தவரை காலி நெடுவரிசை என்பது ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நான்கும் சேர்ந்து வரிசை மாறின. அந்தப் பக்கம் இருந்த தொலைபேசி எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆக, ஒருவர் பெயருக்கு நேராக இன்னொருவர் எண். தற்செயலாக மூன்று மட்டும் இடம் மாறாமல் பொருந்தின.

7. வரிசைப்படுத்திய பிறகு நான்கு எண்களையாவது, ஒவ்வொரு பில்லையும் தனித்தனியே காட்டும் பில் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. நேராக அச்செடுத்து, பின் அடித்து, கீழே அனுப்பிவிட்டேன். எங்கள் பில்லில் தெருப் பெயர் மட்டுமே உண்டு, கதவு எண் கிடையாது. ஆகவே தொலைபேசியில் பேசித்தான் வீட்டைக் கண்டுபிடிக்க முடியும்.

8. ஆகஸ்ட் 7 முதல் 9 வரை ஸ்பேனர் தரைத்தளத்துக் கவுண்ட்டரில் உள்ள கடைத் தொலைபேசியில் இருந்து அழைத்தார். அந்த இணைப்புக்கு உள்ளூர் அழைப்புகளின் பட்டியல் வருவதில்லை. முதலாளி எழுத்தில் தந்த உத்தரவு ஒன்றும் இருந்தது (இணைப்பு 1): 'முதலில் வாடிக்கையாளர் பெயரைக் கேட்டு உறுதி செய்யவும். பெயர் சரியாக இல்லையெனில் குழாய் பற்றி எதுவும் பேசக் கூடாது.' ஊரெல்லாம் பீதி கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் உத்தரவு. ஸ்பேனர் அதை மீறவில்லை. பட்டியலில் இருந்த பெயரைக் கேட்டார். அப்படி யாரும் இல்லை என்றார்கள். 'தவறான எண்' என்று எழுதினார். இப்படி அறுபது.

9. இதில் எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்த அறுபது எண்களும் இதே பட்டியலில் உள்ள வீடுகளின் எண்கள்தான். அதாவது, தன் சமையலறையில் அந்தக் குழாயை மாட்டி வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் அவர் பேசியிருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் இன்னொருவர் பெயரைக் கேட்டுவிட்டு, மன்னிப்புச் சொல்லி வைத்திருக்கிறார். பொருந்தி வந்த மூன்று வீடுகளுக்கு அன்றைக்கே சைக்கிளில் போய்க் குழாயை மாற்றியும் இருக்கிறார். அவர்களின் கையொப்பச் சீட்டுகள் இணைப்பு 2.

10. இரண்டாம் நாள் மதியம் அவர் மாடி ஏறி வந்து என்னிடம் கேட்டார். "அக்கா, முப்பது பேருக்குப் போட்டுட்டேன். ரெண்டைத் தவிர எல்லாம் ராங் நம்பர்ங்கிறாங்க. லிஸ்டை ஒருவாட்டி பாக்குறீங்களா?" நான் வேறொரு கணக்கில் தலையைக் கொடுத்திருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "லிஸ்ட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. மூணு நாள் உக்காந்து போட்டது. நீங்க நம்பரைப் பாத்து அழுத்துங்க" என்றேன். அவர் இறங்கிப் போய், 'தவறான எண்' என்று வந்த அத்தனை எண்களையும் மறுபடி அழைத்திருக்கிறார். பட்டியலின் மூலப் பிரதியில் அந்த எண்களுக்கு நேராக இரண்டு டிக் இருப்பதைத் தாங்கள் காணலாம் (இணைப்பு 3). வேலை செய்யாதவர் இரண்டாவது டிக் போட மாட்டார்.

11. ஆகஸ்ட் 19 அன்று ஒரு வீட்டில் குழாய் வெடித்து, வீட்டிலேயே தையல் வேலை செய்யும் பெண்மணி ஒருவருக்கு வலது மணிக்கட்டில் தீக்காயம் ஏற்பட்டது. அவர் தங்களிடம் புகார் அளித்தார். விளக்கம் கேட்டபோது எங்கள் கடை எழுதிய பதில் இது: 'அறுபது எண்களும் தவறு என்பது நம்பும்படியாக இல்லை. பொருத்துநர் யாரையும் அழைக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே பதிவேட்டை நிரப்பியுள்ளார்.' கையொப்பம் முதலாளியுடையது. தட்டச்சு செய்தது நான். தட்டச்சு செய்யும்போது அந்த வாக்கியத்தை நானும் நம்பினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்படி நம்பிய பிறகும் அந்த அறுபது வீடுகளையும் உடனே மறுபடி அழைக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

12. அந்தப் பெண்மணியின் வாக்குமூலத்தில் இரண்டாம் பக்கத்தை மறுபடி பார்க்குமாறு வேண்டுகிறேன். முன்கூட்டியே தகவல் வந்ததா என்ற கேள்விக்கு அவர் சொன்னது: "யாரும் சொல்லல. கடையிலேர்ந்துன்னு ஒருத்தர் போன் பண்ணி வேற யாரோ பேரைக் கேட்டாரு. ராங் நம்பர்னு வச்சுட்டேன்." ஸ்பேனர் அழைத்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. இந்த வரி இத்தனை நாளும் கோப்பிலேயே இருந்திருக்கிறது.

13. செப்டம்பர் 4 அன்று விசாரணைக் கோப்புக்காகப் பட்டியலை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் பக்கத்தில், பட்டியல் போட்ட அவசரத்தில் கண்ணில் படாத என் கொழுந்தனாரின் பெயரைப் பார்த்தேன். தெருவும் அவர் தெருதான். நேராக இருந்த எண் அவருடையது அல்ல. அவரோடு இருக்கும் மாமியாரின் மாத்திரை விஷயமாக வாரத்தில் நான்கு நாள் அவர் என்னை அழைப்பார். அவர் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பில் திரையைத் திறந்து ஒப்பிட்டேன். அடுத்த வரி, அதற்கடுத்த வரி, எல்லாமே மாறி இருந்தது. நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனேன். குழாயின் நடுவில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. மாமியார் அந்த அடுப்பில்தான் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். வால்வை மூடினேன். என்னவென்று கேட்டவரிடம் அந்த வெடிப்பைக் காட்டினேன்.

14. மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய்களை மாற்றுவதில் அவர் சுணக்கம் காட்டவில்லை. பில் திரையைப் பார்த்து நான் கையால் எழுதிய புதிய பட்டியலைக் கொண்டு, வெளியிலிருந்து வரவழைத்த இரண்டு பொருத்துநர்கள் நான்கு நாளில் மீதமிருந்த ஐம்பத்தொன்பது வீடுகளுக்கும் மாற்றி முடித்தனர். விபத்து நடந்த வீட்டுக்கு முன்பே மாற்றியாகிவிட்டது. இனி வெளியே ஒரு குழாயும் இல்லை (இணைப்பு 4). ஆனால் தங்களுக்கு எழுதிய கடிதத்தைத் திருத்த முதலாளி சம்மதிக்கவில்லை. "குழாயை மாத்தலாம்மா, லெட்டரை எப்படி மாத்துறது? கடை மானம் போயிடும். இதை இதோட விடுங்க" என்றார். கெட்ட மனிதர் அல்ல. இந்தக் கடையில் நான் நிம்மதியாகத்தான் வேலை பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு கடையின் மானத்துக்கு ஒரு மனிதரின் அட்டையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இம்மனுவின் நகல் ஒன்றை அவர் மேசையில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

15. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து உதவுமாறு வேண்டுகிறேன்.

(அ) பொருத்துநர் மீதான குற்றச்சாட்டை நீக்கி, அவருடைய உரிம அட்டையைத் திருப்பித் தர வேண்டும்.

(ஆ) செப்டம்பர் 18 அன்று என்னை நேரில் அழைத்து வாக்குமூலம் பெற வேண்டும். பட்டியல் தவறியதற்கு எடுக்க வேண்டிய நடவடிக்கை எதுவானாலும் என் மீது எடுக்கலாம்.

(இ) கடைகள் தாங்களே உள்ளிட்ட விவரங்களை, தனிக் கட்டணம் கேட்காமல், காலி நெடுவரிசையும் தொலைந்த பூஜ்யமும் இல்லாமல், வரி வரியாகத் தரும்படி அந்த மென்பொருள் நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டும். இப்படிப் பட்டியல் எடுக்கும் கணக்காளர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் கொழுந்தனார் பெயர் மூன்றாம் பக்கத்தில் வந்து நிற்காது.

16. கடைசியாக ஒன்று. நடந்ததைச் சொல்ல நேற்று ஸ்பேனரின் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. நான் கொண்டுபோன பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க லிஸ்ட் தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லக்கா. எனக்குத்தான் காது சரியா கேக்கலையோன்னு போய் டாக்டரைப் பாத்துட்டு வந்தேன்" என்றார். மருத்துவர் எழுதித் தந்த சீட்டு இணைப்பு 5. காதில் குறையொன்றும் இல்லை என்று அதில் இருக்கிறது.

மேற்கண்டவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என உறுதி கூறி, தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
கணக்காளர்

இடம்: சந்தைச் சாலை
நாள்: செப்டம்பர் 10

இணைப்புகள்: ஐந்து. அனைத்தும் மூலப் பிரதிகள். நகல் என்னிடம் இல்லை. விசாரணை முடிந்ததும் ஐந்தையும் பொருத்துநரிடமே ஒப்படைக்கவும்.