இறங்கிப் பார்க்காமல் அடித்த மணி

மச்சான்,

அந்த நீலத் தண்ணிக் கான் இன்னும் இருக்கிறது. நீ வெள்ளைப் பெயின்றால் எங்கள் பஸ்ஸின் இலக்கத்தை எழுதிவைத்த அதே கான். திங்கட்கிழமை காலை, துணுக்காய்ப் பாதையில் ரயில் கடவைக்கு முன்னால் பஸ் நின்றதும் பின்கதவால் இறங்கிப் போனேன். காவல் கொட்டிலில் மலர் அக்கா இல்லை. சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் ஒன்றாகச் சுருட்டிக் கூரைத் தடியில் செருகிவிட்டுப் போயிருந்தா. வாசலில் கான் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைக்கக் குனிந்தவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ, "அண்ணை, ரயில் வருகுதோ, இல்லாட்டி நீங்கள் சாமி கும்பிடுறியளோ?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கடவைக் காவலர்கள் திரும்பவும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அதே கோரிக்கைதான், ஒரு எழுத்தும் மாறவில்லை. ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய காலத்தில் தற்காலிகம் என்று சேர்த்தவர்கள் இன்றைக்கும் நாட்கூலிதான். நிரந்தரமாக்கு, கொட்டிலுக்குத் தண்ணீர் தா என்கிறார்கள். பக்கத்துணையாக ஒருநாள் பஸ்ஸை நிறுத்துங்கள் என்று எங்கள் சங்கத்திடமும் கேட்டு வந்தார்கள். நீ இருந்திருந்தால் கேட்க வந்தவர்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டிருப்பாய். நான் அலுவலக மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கூட்டம் வைச்சுச் சொல்லுறம்" என்றேன். இப்போது நான் செயற்குழுவில் இருக்கிறேன். சிரிக்காதே.

நீ ட்ரைவராகவும் நான் கொண்டக்டராகவும் ஒரே பஸ்ஸில் ஓடிய அந்த நாலு வருஷத்தில், ஒவ்வொரு காலையும் நீ டிப்போக் குழாயில் அந்தக் கானை நிரப்பி உன் ஆசனத்துக்குப் பின்னால் வைப்பாய். கடவையில் மலர் அக்கா பச்சைக் கொடியோடு ஓடிவந்து நிறை கானை வாங்கி, வெறுங்கானைத் தருவா. மாலையில் திரும்பும்போது சில நாட்களில் அதற்குள் முருங்கைக்காயும் இருக்கும். "பச்சைத் தண்ணிக்கு முருங்கைக்காய். பிரைவேற் பஸ்காரனுக்குக்கூட இந்த லாபம் கிடைக்காது" என்று நீ பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லுவாய்.

அப்போது நான் தற்காலிகக் கொண்டக்டர். நிரந்தர நியமனக் கடிதம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்தவன். தினமும் காலையில் என்னைக் கண்டதும் உன் முதல் கேள்வி, "கடுதாசி வந்திட்டுதோடா?" என்பதுதான். இல்லை என்றதும், "அப்ப இண்டைக்கும் நீ விருந்தாளிதான். ஏறு" என்பாய். எனக்குள்ளே கொதிக்கும். வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்திருந்த நேரம். உனக்கு அது பகிடி, எனக்கு வயிற்றுப்பாடு.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மலர் அக்காவும் மற்றக் காவலர்களும் முதல்தரம் வேலையை நிறுத்தியபோது, எங்கள் டிப்போவிலும் இதே கூட்டம் நடந்தது. "அவைக்கும் எங்களுக்கும் என்ன?" என்று ஒருவர் கேட்டதற்கு நீ எழும்பிச் சொன்னாய்: "நான் ஒருநாளைக்கு நாலு தரம் அந்தக் கடவையைக் கடக்கிறன். அவா கொடி காட்டினா பஸ்ஸை எடுக்கிறன். என்ர உயிர் அவாவின்ர கையில இருக்கேக்க, அவா எனக்கு ஆரெண்டு கேக்கிறியளோ?" பிறகு கை உயர்த்தச் சொன்னார்கள். முகாமையாளர் வாசலில் சாய்ந்துகொண்டு நின்றார். யார் யார் கை எழும்புகிறது என்று அவர் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். உன் கை எழும்பியது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். என் கை மடியிலேயே கிடந்தது. தீர்மானம் தோற்றது.

அன்றிலிருந்து நீ என்னோடு கதைப்பதை விட்டாய். உண்மையைச் சொன்னால், விட்டது நான்தான். உன் முகத்தைப் பார்க்கக் கூச்சம், அந்தக் கூச்சத்தைக் கோபமாக்கிக் கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது உன்னைக் கண்டாலே முறைத்தது.

கடவையில் ஆளில்லாத அந்த நாட்களில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. நீ கடவைக்கு முன்னால் நிறுத்துவாய். நான் இறங்கித் தண்டவாளம்வரை போய் இரண்டு பக்கமும் பார்ப்பேன். வடக்குப் பக்கத்தில் தண்டவாளம் வளைந்து பாலை மரங்களுக்குள் மறைவதால் உன் ஆசனத்திலிருந்து அது தெரியாது. நான் திரும்பி வந்து மிதிபலகையில் ஏறி மணியை இரண்டு தரம் அடித்தால் நீ எடுப்பாய்.

அந்த வியாழக்கிழமை நல்ல மழை. பஸ்ஸுக்குள் கால்வைக்க இடமில்லை, யன்னல்களெல்லாம் பூட்டி. நான் நடுவில் சனத்துக்குள் நின்று ரிக்கெற் கிழித்துக்கொண்டிருந்தேன். பஸ் நின்றது. நீ கண்ணாடியில் என்னைத் தேடியது தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நீயும் கேட்கவில்லை. இறங்கினால் நனைய வேண்டும், சனத்தை இடித்துக்கொண்டு போக வேண்டும், அதுவும் உனக்காக. அந்த நேரத்தில் ரயில் வருவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நின்ற இடத்திலேயே கையை நீட்டி மணியை இரண்டு தரம் அடித்தேன்.

நீ எடுத்தாய். முன்சில்லு தண்டவாளத்தில் ஏறும்போதுதான் ரயிலின் ஊதல் கேட்டது. பிறேக்கில் கால் வைத்திருந்தால் நாங்கள் அன்றைக்கே முடிந்திருப்போம். நீ மிதித்தாய். பஸ் பாய்ந்து அந்தப் பக்கச் சேற்றில் சறுக்கி வீதியோர வாய்க்காலுக்குள் இறங்கியது. ரயில் எங்கள் முதுகை உரசுகிற மாதிரிப் போய்க்கொண்டே இருந்தது. எத்தனை பெட்டி என்று தெரியாது, எனக்கு அது முடியவேயில்லை. ஒரு ரீச்சரின் மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள். ஒருவரும் சாகவில்லை என்று நான் என்னைத் தேற்றிக்கொள்ளாத நாளில்லை.

பயணிகள் ஒருவரையும் கூப்பிடாத விசாரணையில், கொண்டக்டர் இறங்கினாரா என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "அவன் இறங்கிப் பாத்துக்கொண்டு நிண்டவன். நான்தான் மணிக்குக் காத்திருக்காம எடுத்தனான்." அதிகாரி என் பக்கம் திரும்பி, "சரியோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

வெளியில் வந்து உன் கையைப் பிடித்தேன். நீ கையை இழுக்கவுமில்லை, இறுக்கவுமில்லை. "எனக்குக் கடுதாசி வந்து எத்தினையோ வருசம். என்னைத் தூக்கிப் போடேலாது. உன்னைப் போடுவாங்கள்" என்று மட்டும் சொன்னாய். நிரந்தரம் இல்லாதவனைத்தான் தூக்கி எறிவார்கள் என்ற இதே கணக்கில்தான் மலர் அக்காவையளுக்காகவும் நீ வாதாடினாய் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

உன்னை இடைநிறுத்தினார்கள். குளத்துக்குக் கீழே உன் அப்பா விட்டுப்போன வயலில் அந்தப் போகம் முழுக்க நின்றாய். திரும்ப எடுத்தபோது ஸ்ரியறிங்கைத் தரவில்லை. டிப்போ முற்றத்தில் பஸ் கழுவவும் டீசல் அடிக்கவும் விட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் என் கடிதம் வந்தது. அதை உனக்குக் காட்ட எனக்கு ஒரு கிழமை எடுத்தது. நீ வாங்கி வாசித்து, ஈரக் கை பட்ட இடத்தைச் சேட்டில் துடைத்துத் திருப்பித் தந்து, "இனி நீ வீட்டுக்காரன்" என்றாய்.

அதன் பிறகு தினமும் காலையில் என் பஸ் முற்றத்தை விட்டு வெளியேறும்போது, பின்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டுவாய். எடுக்கலாம் என்ற அர்த்தத்தில். அது வாழ்த்தா, குத்தலா என்று நான் கேட்கவேயில்லை. போன மாரியில் நெஞ்சுவலி என்று வவுனியாவுக்குக் கொண்டுபோனவர்கள் உன்னை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். செத்த வீட்டில் நான் ஓடி ஓடி வேலை செய்தேன். எல்லோரும் என்னைப் பார்த்து, கூட்டாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள்.

இனிப் புதன்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். கன்ரீனில் வைத்தோம். எதிர்த்துப் பேசியவர்களிலும் நியாயம் இருந்தது, மச்சான். நசீர் நானாவை உனக்குத் தெரியும், பஸ் நேரம் பதிகிற கொட்டிலில் இருப்பவர். அவர் சொன்னார்: "துணுக்காய்ச் சனம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு எங்கட பஸ்ஸை நம்பித்தான் விடிய வெளிக்கிடுது. அதுகளை றோட்டில விட்டிட்டு ஆருக்குப் பக்கத்துணை?" இன்னொருவர், "நாங்கள் நிண்டா பிரைவேற்காரன் உழைப்பான். எங்கட ஸ்ரைக்குக்கு ரயில்காரர் ஆரும் எட்டிப் பாத்தவையோ?" என்றார். தலைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருக்கு வேறு வேலை தெரியாது.

என் இப்போதைய ட்ரைவர் சுதனை உனக்குத் தெரியும். முற்றத்தில் உன்னிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்த அதே நெட்டைப் பொடியன். அவன் என் பக்கம் திரும்பி, "அண்ணை, அந்தக் கடவையில நடந்ததைக் கண்ணால பாத்தது நீங்கள்தானே. நீங்கள் சொல்லுங்கோ" என்றான்.

எழும்பினேன். நியாயமான நாலு வார்த்தை பேசிவிட்டு இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். வாய் திறந்தால் வேறு வந்தது. "அண்டைக்கு நான் இறங்கேல்லை" என்றேன். "சனத்துக்குள்ள நிண்டு மணி அடிச்சனான். அவன் என்ர மணியைக் கேட்டுத்தான் எடுத்தவன். விசாரணையில நான் பொய் சொன்னனான். நான் தற்காலிகம் எண்ட பயத்தில. பயந்து நிக்கிற ஒருத்தனிட்ட ஒரு பஸ் சனத்தின்ர உயிரைக் குடுத்தா இதுதான் நடக்கும். மலர் அக்காவையளைப் பன்னிரண்டு வருசமா அப்பிடித்தான் நிப்பாட்டி வைச்சிருக்கினம்."

குசினியில் யாரோ தேத்தண்ணிக் கேற்றிலை இறக்கி வைத்த சத்தம் கேட்டது. தலைவர், "முடிஞ்ச விசாரணை. அதை இப்ப ஏன்?" என்று மெல்ல இழுத்தார். சுதன் என்னைப் பார்த்தபடியே எழும்பினான். "ஆறு வருசமா நான் உங்கட மணிக்குத்தான் எடுக்கிறன்" என்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

கை உயர்த்தச் சொன்னார்கள். முதலில் நசீர் நானா, "கிளினிக் இல்லாத நாளாப் பாத்து வையுங்கோ, நானும் வாறன்" என்று கையைத் தூக்கினார். பிறகு ஒன்று, இரண்டு என்று எழும்பின. சுதனின் கையும் எழும்பியது, ஆனால் முகம் சுவர்ப்பக்கம். தீர்மானம் வென்றது. நேற்று ஒரு பஸ்ஸும் வெளியே போகவில்லை. மலர் அக்கா டிப்போ வாசலுக்கு வந்து எல்லோருக்கும் கை கூப்பினா. என்னிடம் வந்தபோது, "அவர் இருந்திருந்தாச் சந்தோசப்பட்டிருப்பர்" என்றா. எனக்கு அது உறுதியாகத் தெரியவில்லை. நீ மறைத்துக் காத்ததை நான் போட்டு உடைத்திருக்கிறேன். முகாமையாளரின் அழைப்பு இனி எந்த நேரமும் வரலாம். வந்தால் போவேன். உன் மனைவியிடம்தான் இன்னும் போகவில்லை. ஓமந்தையில் உன் வீட்டு ஒழுங்கையை ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் கடக்கிறேன். அவாவுக்கு நீ சொல்லியிருப்பாயா, நான் போய்ச் சொல்லும்வரை தெரியாமல் இருப்பாவா என்று ஒழுங்கை வரும்போதெல்லாம் யோசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போவதாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தில் எழுதிவிட்டேன், இனிப் போகாமல் இருக்க முடியாது.

இன்று காலை பஸ்கள் திரும்ப ஓடின. கடவைக் காவலர்கள் இன்னும் வேலைக்கு வரவில்லை. கொட்டிலிலிருந்து எடுத்துவந்திருந்த நீலக் கானை டிப்போக் குழாயில் நிரப்பி நானே கொண்டுபோனேன். என்றைக்காவது மலர் அக்கா திரும்பி வரும்போது கொட்டிலில் தண்ணீர் இருக்கட்டும். கடவைக்கு முன்னால் சுதன் நிறுத்தினான். இறங்கினேன். தண்டவாளத்தின் நடுவில் நின்று தெற்கே பார்த்தேன். வடக்கே வளைவுக்குள் பாலை மரங்கள்வரை நடந்தே போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து மிதிபலகையில் ஏறி மணியை இரண்டு தரம் அடித்தேன்.

பஸ் அசையவில்லை. சுதன் எஞ்சினை நிறுத்தினான், கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். தண்டவாளம்வரை போய் இரண்டு பக்கமும் தானே பார்த்தான். வந்து ஏறினான், என் பக்கம் திரும்பாமலே எடுத்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் செய்ததுதான் சரி. இனி ஒவ்வொரு நாளும் இறங்கட்டும். ஆனால் மணியில் வைத்த என் கையை எடுக்க முடியாமல், துணுக்காய் வரும்வரை ஒன்றையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

நாலு வருஷத்தில் நீ ஒருநாளும் இறங்கிப் பார்க்கவில்லை, மச்சான்.