கையால் வெட்டாத ஏழு விநாடி

மைக்குக்கு முன்னால மட்டும் மரியாதையாப் பேசுற என் ராட்சசி, என் மல்லிக்கு,

பசியாறிட்டியான்னு கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போகுது. பதினெட்டு வருஷமா தினமும் உன்னை நான் கேட்ட முதல் கேள்வி அதுதானே. இப்ப கேட்டா நல்லா இருக்காது. இருந்தாலும் கேட்டுட்டேன், விடு.

போன செவ்வாய்க்கிழமை நீ பேசினே. கனவுல இல்லை, ரேடியோவுல. பிரிக்பீல்ட்ஸ்ல ஜாம்ல மாட்டிக்கிட்டு, முன்னால நின்ன லோரியைத் திட்டிக்கிட்டு இருந்தேன். மூணு மணிச் செய்தி முடிஞ்சதும் உன் குரல் வந்துச்சு. "வெயில் கொளுத்துதா? கொளுத்தட்டும். கொஞ்சம் உட்காருங்க." அவ்வளவுதான். உடனே ஒரு புதுப் பாட்டு டம்டம்முன்னு ஆரம்பிச்சிடுச்சு. லோரி நகர்ந்து போயிடுச்சு, பின்னால இருந்தவன் ஹாரன் அடிச்சே ஓஞ்சிட்டான். என் கால் பிரேக்கை விட்டு எழும்பவே இல்லை.

நீ போய் எட்டு மாசம் ஆச்சு டி.

காரணம் ரொம்பச் சின்னது. ஒரு விளம்பரம் கடைசி நேரத்துல ரத்தாயிடுச்சு. அப்படி இடைவெளி விழுந்தா, கம்ப்யூட்டர் பழைய பதிவுகள்ல கைக்குக் கிடைச்சதை எடுத்துப் போட்டு நிரப்பும். அதுக்குள்ள உன் குரல் இன்னும் இருந்திருக்கு. பாட்டுப் பட்டியல் போடுறதும், வேண்டாததை அழிக்கிறதும் இந்தக் கோமதியோட வேலைதானே? நான்தான் அழிக்காம வச்சிருந்தேன்.

ஆபிஸுக்குப் போனதும் உன் இடத்துக்கு வந்திருக்கிற புதுப் பொண்ணு ஓடி வந்தா. "யாருக்கா அது? பக்கத்துல நின்னு பேசின மாதிரி இருந்துச்சுக்கா." "டெக்னிக்கல் பிராப்ளம் லா, நான் பார்த்துக்கிறேன்"னு சொல்லிட்டு உன்னை அழிக்க உட்கார்ந்தேன். மவுஸ் மேல விரலை வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முடியலை.

எதுக்கு டி வந்தே? என்னைப் பார்க்கவா, இல்லை நியாயம் கேட்கவா?

அறிவிப்பாளருக்குப் பிடிச்ச பாட்டுத்தான் ரேடியோவுல போகுதுன்னு ஊரே நினைச்சுக்கிட்டு இருக்கு. பாசார்ல மீன் வாங்கப் போனாகூட உன்கிட்ட பாட்டு கேட்பாங்க. நீயும் பெரிய மகாராணி மாதிரி "போட்டுடலாம்"னு சொல்லிட்டு வந்து என் தலையில கட்டுவே. தேர்ந்தெடுக்கிறது நீயும் இல்லை, நானும் இல்லைன்னு நமக்குத்தான் தெரியும். கேட்கிற ஜனங்களுக்குப் போன் போட்டு, ஒவ்வொரு பாட்டுலயும் ஏழு விநாடி போட்டுக் காட்டி, தெரியுமா, பிடிக்குமா, சலிச்சுப் போச்சான்னு கேட்போம். நிறையப் பேர் தெரியாதுன்னு சொன்னா அந்தப் பாட்டு பட்டியலை விட்டுப் போயிடும். ஒரு காலத்துப் பாட்டு மொத்தமும் அப்படி விழுந்துட்டா, அந்த வகைப் பாட்டையே நிலையம் நிறுத்திடும். "பொண்ணு பார்க்க வந்துட்டு மூக்கை மட்டும் பார்த்துட்டுப் போறீங்களேடி"ன்னு நீ கிண்டல் பண்ணுவே.

அதனாலதான் அந்த ஏழு விநாடியைக் காதால கேட்டு, கையாலதான் வெட்டணும்னு நம்ம ஆபிஸ்ல ஒரு கண்டிப்பு. ஜனங்க எந்த இடத்துல பாட்டைக் கண்டுபிடிக்கிறாங்களோ அந்த இடமா இருக்கணும். சில பாட்டுக்கு அது பல்லவியோட முதல் வரி. சில பாட்டுக்குப் பாடுறவங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலயே வர்ற புல்லாங்குழல்.

போன தீபாவளி நெருங்குற நேரத்துல பாஸ் என்னைக் கூப்பிட்டாரு. மத்தியானம் பழைய பாட்டு இருக்கட்டுமா, இல்லை அங்கயும் புதுப் பாட்டா மாத்திடலாமான்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லச் சொன்னாரு. மூணுலேருந்து ஆறு, உன் நேரம். விளம்பரம் குவிஞ்சு கிடந்த வாரம் அது. புதுப் பாட்டையெல்லாம் ஒழுங்காக் கையால வெட்டினேன். பழைய பாட்டுக்கு வந்தப்ப அலுத்துப் போச்சு. மெஷினே வெட்டட்டும்னு ஒரு பட்டனை அமுக்கிட்டு, கீழ மாமாக் டீக்கடையில போய் உட்கார்ந்து தே தாரிக் குடிச்சேன். அந்த மெஷினுக்கு ஒண்ணுதான் தெரியும், சத்தம் எங்க அதிகமோ அங்க வெட்டும். பழைய பாட்டுல சத்தம் அதிகமா இருக்கிறது நடுவுல வர்ற வயலின் கூட்டத்துல. அதை மட்டும் போட்டுக் காட்டினா, பாடினவங்களே முழிப்பாங்க.

ஜனங்க தெரியாது, தெரியாதுன்னு சொல்லிட்டாங்க.

மீட்டிங்ல பாஸ் கணக்கைக் காட்டினப்ப நீ அவரைப் பார்க்கலை. என்னைப் பார்த்தே.

"கோமு, கையால வெட்டினியா?"

"ஆமா டி. கையாலதான்."

"அப்ப சரி."

அந்த "அப்ப சரி"தான் மல்லி என்னைத் துரத்துது. சண்டை போட்டிருக்கலாம்ல? போட்டுக் காட்டுடி பார்ப்போம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? சும்மா இருக்கிற நாள்ல என் காபியில சக்கரை கூடுதல்னு அவ்வளவு வம்பு பண்ணுவியே. அன்னைக்குன்னு பார்த்து என்னை ஏன் நம்பித் தொலைச்சே?

திங்கட்கிழமை மூணு மணிக்குப் புதுப் பாட்டு போச்சு. இந்தத் தொழில்ல யாரும் போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாது. சொன்னா கேட்கிறவங்க வேற நிலையத்துக்குத் திருப்பிடுவாங்களாம். உன்னைக் காலையில போக்குவரத்துச் செய்தி வாசிக்கப் போட்டாங்க. "பரவால்ல லா, ஜாம்ல நின்னே வயசாயிடுச்சு, நல்லாத்தான் வாசிப்பேன்"னு சிரிச்சே. மூணு மாசம் வாசிச்சே. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, கிள்ளான் வீட்டுச் சமையல்கட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவ எழுந்திருக்கவே இல்லை.

மாரடைப்புன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாரு. உன் வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீதாம்மா அவளுக்கு எல்லாமே"ன்னு அழுதாரு. உன்னைக் கொன்னது நான்தானா? இதை யார்கிட்ட போய்க் கேட்கிறது, சொல்லு.

உன் ஹெட்போனை இன்னும் யாரும் எடுக்கலை. புதுப் பொண்ணு அதைத் தொட மாட்டேங்குறா. காதுல வச்சா யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்காம். நேத்து யாரும் இல்லாதப்ப நான் எடுத்து வச்சுப் பார்த்தேன். எனக்கு ஒண்ணுமே கேட்கலை. நீ என்கிட்ட பேச மாட்டேன்னு முடிவு பண்ணிட்டியோன்னு பயமாப் போச்சு.

செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் என்னால சும்மா இருக்க முடியலை. வேலை முடிஞ்சு செந்தூல் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து, அதே பாட்டுகளைக் கையால வெட்டினேன். அதே ஆளுங்களுக்கு நானே போன் போட்டேன். காஜாங்ல ஒரு லோரிக்கார அண்ணன், ஏழு விநாடி முடிஞ்சும் விடாம சரணம் வரைக்கும் பாடிட்டுத்தான் போனை வச்சாரு. தெரியாதுன்னு சொன்னவங்களைத் தேட வேண்டியதாப் போச்சு.

இன்னைக்குக் காலையில பாஸ்கிட்ட சொல்லிட்டேன். "போன வருஷ டெஸ்ட் தப்பு பாஸ். கையால வெட்டினேன்னு நான் சொன்னது பொய்." அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாரு. "மல்லிகாவுக்காகப் பண்றியா? போனவங்களுக்காகப் பாட்டை மாத்த முடியாதுலா கோமதி." "போனவங்களுக்காக இல்லை பாஸ், இருக்கிறவங்க சொல்லியிருக்காங்க"ன்னு பேப்பரை அவர் முன்னால வச்சேன். ரொம்ப நேரம் படிச்சாரு. "வியாழக்கிழமை மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் நீயே சொல்லு. வேலை போனாலும் போகும்"னாரு. சரின்னுட்டேன். மத்தியானப் பாட்டு திரும்பி வந்தாலும் வரும். வேற யாரோ பேசுவாங்க.

ஒண்ணை மட்டும் நான் பாஸ்கிட்ட சொல்லலை. பந்திங்ல பாசார் பக்கத்துல துணி தைக்கிற ஒரு அக்கா. போன்ல தையல் மெஷின் ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பாட்டைப் போட்டதும் மெஷின் நின்னுடுச்சு. "தெரியுமான்னா கேட்கிறே? நல்லா கேட்டே போ"ன்னு சிரிச்சாங்க. அப்புறம், "அந்த மல்லிகாப் பொண்ணு எங்கம்மா, காணவே காணோம்? பிரசவ லீவா?"

உன் குரலை வச்சு உனக்கு முப்பது வயசுன்னு நினைச்சிருக்காங்க. நீ இருந்திருந்தா ஒரு வாரம் என்னைப் படுத்தியிருப்பே.

"ஆமாக்கா, லீவு"ன்னு என் வாய் சொல்லிடுச்சு.

"நினைச்சேன். சொல்லாமப் போற பொண்ணு இல்லையே அது. மெதுவா வரச் சொல்லும்மா. வந்தா பந்திங் பக்கம் கூட்டிட்டு வா, பிள்ளைக்குச் சட்டை தைச்சு வைக்கிறேன்"னாங்க.

உனக்குச் செஞ்ச துரோகம் பத்தாதுன்னு, உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறவங்களையும் ஏமாத்திட்டேன். இப்ப அந்த அக்கா குட்டிச் சட்டைக்குத் துணி பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

வியாழக்கிழமை என்ன வேணா முடிவாகட்டும். நாளைக்கு லீவு போட்டுட்டு நான் பந்திங் போறேன். போன்ல சொல்ற சமாச்சாரம் இல்லை இது. அந்த அக்கா எதிர்ல உட்கார்ந்து, "மல்லிகா செத்துப் போயிட்டாக்கா, உங்ககிட்ட சொல்லிக்க விடாதது நாங்கதான்"னு என் வாயால சொல்றேன். இது உனக்கு நான் கொடுக்கிற சத்தியம். திட்டினா வாங்கிக்கிறேன். அழுதாங்கன்னா கூட உட்கார்ந்து அழுதுட்டு வரேன். உனக்காக நான் இன்னும் ஒரு தடவைகூட அழலை டி.

உன்கூடப் பிறக்காத தங்கச்சி,
கோமு