விட்டுப்போன பதினாறு பக்கங்கள்

என் அன்பு மகனுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாமே சொன்னபடி கேட்கின்றன. அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒருவர் பேசும்போது மற்றவர் கைப்பேசியைப் பார்க்காமல், சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். டிக்கெட் போடுவதைக் கொஞ்சம் நிறுத்தி வை என்று போனில் சொன்னதும் உன் குரல் இறங்கிப்போனது எனக்குக் கேட்டது. காரணத்தை அப்போதே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் பேச முடியாது. ஆகவே உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி. கடைசி வரை படிப்பது எவ்வளவு முக்கியம் என்று இந்த வயதில் எனக்கே ஒருவர் பாடம் எடுத்துவிட்டார்.

நூலகத்து மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் கூடுவது உனக்குத் தெரியும். படித்ததைப் பற்றி ஒருவர் பேசுவார், மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வார், பிறகு பிரதி கைமாறும். பாங்கு மானேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், விடியற்காலையில் எழுந்தால் வாழ்க்கை மாறும் என்கிற வகைப் புத்தகங்களைத் தவிர வேறெதையும் சிபாரிசு செய்ததில்லை, கூட்டத்துக்கு ஒரு நாளும் நேரத்தோடு வந்ததுமில்லை. எதிர்வீட்டு டீச்சர் கொலைக்கதை மட்டும்தான் படிப்பாள், கரப்பான்பூச்சியை அடிக்க என்னைக் கூப்பிடுவாள். பல் டாக்டர் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் சொத்தை எங்கே என்றுதான் முதலில் தேடுவார். இவர்களுக்கு நடுவில் நல்ல எழுத்து என்றால் என்ன என்று எடுத்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது, நானாகக் கேட்டு வாங்கவில்லை. போன மாதம் நாடகக் கொட்டகையில் உடை தைத்த ஒருத்தியின் வாழ்க்கைக் கதையைப் பற்றிப் பேசினேன். மருமகளுக்கும் சொல், அவசியம் படிக்கட்டும். நடுவில் ஐம்பது பக்கம் வளவளவென்று போகும், அதைத் தள்ளிவிடலாம். நான் தள்ளவில்லை. எனக்குத் தள்ளிப் பழக்கமில்லை.

இந்த மாதம் நீ கடையிலிருந்து நேராக எனக்கு அனுப்பவைத்த நாவல். தனியாக இருக்கும் தாய், தூரதேசத்தில் மகன், வரச் சொல்லி அவன் கூப்பிடுகிறான், இவள் யோசிக்கிறாள். கதை புதிதில்லை, ஆனால் முடிவு இருக்கிறதே, நான் அசந்துபோனேன். அந்த அம்மா பெட்டியைக் கட்டிவிட்டாள், வாசற்கதவில் கை வைக்கிறாள், 'ஆனால்' என்று ஒரு சொல். அவ்வளவுதான். அதற்குமேல் அட்டைதான். ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. கான்வென்டில் முற்றுப்புள்ளி வைக்க மறந்தவளை சிஸ்டர் வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார், அப்படி வளர்ந்த நானே இந்த எழுத்தாளரை மன்னித்தேன் என்றால் பார்த்துக்கொள். போவாளா இருப்பாளா என்று அவள் வாயில் எதையும் திணிக்காமல் கதவண்டை விட்டுவிட்டாரே, அந்த மரியாதை எத்தனை பேருக்கு வரும்?

நீ போனில் கேட்டாய், "கடைசி வரைக்கும் படிச்சியாம்மா, முடிவு எப்படி?" என்று. "இதைவிட நல்ல முடிவு கிடையாது, நானா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்" என்றேன். உனக்கு ஏன் அப்படிக் குரல் தழுதழுத்தது என்று அப்போது புரியவில்லை, ஜலதோஷம் என்று நினைத்து வெந்நீர் குடிக்கச் சொன்னேன். அடுத்த வாரம் மருமகள், "அத்தை, ரூமுக்கு என்ன கலர்ல கர்ட்டன் போடலாம்?" என்றாள். இவ்வளவு காலம் கழித்தாவது என் ரசனை அவளுக்குத் தெரிந்ததே என்று வெளிர் பச்சை சொன்னேன், கீழ்மடிப்பு அகலமாக இருக்கட்டும் என்றும் சொன்னேன். புத்தக அலமாரி எவ்வளவு உயரம் இருந்தால் எனக்கு எட்டும் என்று நீ கேட்டாய், வயதானால் குள்ளமாகிவிடுவார்களாமே, அதைத்தான் சோதிக்கிறாய் என்று கோபம் வந்து ஒரு அடி கூட்டியே சொன்னேன். போன வாரம் "அப்ப அடுத்த மாசம் டிக்கெட் போட்டுடறேன்மா" என்றாயே, நீ இங்கே வரப்போகிறாய் என்றுதான் நான் நினைத்தேன். உன் அறையைத் திறந்து ஒட்டடை அடித்து, மெத்தையை வெயிலில் போட்டு, புதுத் தலையணை ஒன்று வாங்கி உறையும் போட்டாகிவிட்டது.

சனிக்கிழமை கூட்டத்தில் அந்த 'ஆனால்' என்ற ஒரு சொல்லைப் பற்றியே பேசினேன். இந்த முறை கூட்டத்துக்கு முன்பே என் பிரதியைத்தான் மானேஜரும் டீச்சரும் வாங்கிப் படித்திருந்தார்கள். மானேஜர் "என்ன துணிச்சல்ங்க, ரெண்டு தடவை படிச்சு ரெண்டு தடவையும் அழுதேன்" என்றார். டீச்சர் மகனைத்தான் சந்தேகப்பட்டாள், அது அவள் வழக்கம். பல் டாக்டர் பையிலிருந்து தன் பிரதியை எடுத்து, "எல்லாம் சரிங்கம்மா, அடுத்த பக்கத்துலதான் அந்த அம்மா வண்டி ஏறிப் போயிடறாங்களே" என்றார். இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். புத்தகம் கட்டியவர்கள் என் பிரதியில் கடைசிப் பதினாறு பக்கங்களைச் சேர்க்காமலே தைத்து அட்டை போட்டிருக்கிறார்கள். மானேஜர் எதற்கு இரண்டு தடவை அழுதார் என்று யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் விடவில்லை. "முடிஞ்ச கதைக்கு உங்க பிரதியிலதான் யாரோ பொய்ப்பல் கட்டியிருக்காங்க, டாக்டர்" என்றேன். அவரே சிரித்துவிட்டார். "சரி, இந்தப் பல்லையும் எடுத்துட்டுப் போய்ப் பாருங்க, நல்லா இல்லேன்னா பிடுங்கிடலாம்" என்று புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பதினாறு பக்கத்தையும் படித்தபோதுதான் கர்ட்டனும் அலமாரியும் டிக்கெட்டும் யாருக்கு என்று புரிந்தது. உன் அப்பா இருந்திருந்தால் புத்தகம் வந்த அன்றே கண்டுபிடித்திருப்பார். எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவார், "யார் மிஞ்சறாங்கன்னு தெரிஞ்சா நிம்மதியாப் படிக்கலாம்ல" என்பார். அதற்காக நான் அவரோடு சண்டை போடாத நாள் இல்லை. இப்போதும் அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆள் இருந்திருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

இனி என் விமர்சனம். அந்த அம்மா போய் இறங்குகிறாள், மகன் பெட்டியை வாங்கிக்கொள்கிறான், எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், சுபம். மறுநாள் காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய், குழந்தை பள்ளிக்கூடம் போய், கதவு சாத்திய பிறகு அவள் என்ன செய்தாள்? ஒரு வரி இல்லை. எந்தக் கடையில் எது கிடைக்கும் என்று தெரியாத தெருவில், அவள் பாஷையில் ஒரு புத்தகம்கூட இல்லாத ஊரில், யாரைத் திருத்தினாள்? யாரோடு சண்டை போட்டாள்? நல்ல எழுத்தாளராக இருந்தால் கதையை அங்கேதான் ஆரம்பித்திருப்பார். நீ இந்த முடிவைப் படித்துவிட்டு எனக்கு அனுப்பியிருக்கிறாய். வா என்று ஒரு வார்த்தை நேரில் சொல்ல வாய் வராமல் ஒரு நாவலைத் தூது அனுப்பிய பிள்ளையைப் பெற்றதற்காக நான் சிரிக்கவா, என்ன செய்ய? அந்த வாய் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று மருமகள் கேட்டால் பதில் சொல்லாதே.

ஆகவே கேட்டுக்கொள். வீட்டைக் காலி செய்துகொண்டு நிரந்தரமாக வரமாட்டேன். அந்த அம்மா போனது அவள் இஷ்டம், அவளுக்குச் சனிக்கிழமைக் கூட்டம் இருந்ததாக எந்தப் பக்கத்திலும் இல்லை. வெளிர் பச்சைக் கர்ட்டனை நேரில் பார்க்க மூன்று மாதம் வருகிறேன், அந்த மூன்று கூட்டத்துக்கும் டீச்சர் தலைமை தாங்கட்டும், யாராவது செத்தால் அவளுக்கு சந்தோஷமாக இருக்கும். அலமாரியை ஒரு அடி இறக்கிப் போடு, கேள்வி கேட்காதே. என் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன், 'ஆனால்' என்பதோடு நிறுத்திப் படித்துப் பார், எது நல்ல முடிவு என்று வந்து பேசிக்கொள்ளலாம்.

மூவரும் நோய்நொடி இல்லாமல், மனம் விட்டுப் பேசிக்கொண்டு பல்லாண்டு வாழ என் ஆசீர்வாதம். குழந்தைக்கு என் முத்தம், அவள் பல்லைக் காலையும் இரவும் தேய்க்கிறாளா என்று டாக்டர் கேட்கச் சொன்னார். மறக்காமல் ஒன்று செய்: வருவதற்கு ஒரு டிக்கெட் போடும்போதே, திரும்புவதற்கு இரண்டு போடு. உன் தலையணைக்கு உறை போட்டாகிவிட்டது. அந்த இரண்டும் கையில் வந்த பிறகுதான் பெட்டியைக் கட்டுவேன், இந்த ஒரு தடவை மட்டும் உன் அப்பா மாதிரி கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கதவில் கை வைத்தபடி நிற்கும்
உன் அம்மா