நான் வெட்டிய பின்பாதி

யாழ்ப்பாணம்,
12.06.1993

அன்புள்ள ஞானாம்பிகைக்கு,

சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன். கிளாலிக் கடலால் வள்ளமேறி வவுனியாவுக்குப் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கை மாறித் திருகோணமலை வந்துசேர ஒரு மாதமாவது செல்லும். அச்சுத்தாள் வராததால் எங்கள் பத்திரிகை இப்போதும் பள்ளிக் கொப்பித்தாளில்தான் வருகிறது, அதுவும் நாலு பக்கம்.

எழுத வேண்டியது வேறு. எழுத வெட்கமாக இருக்கிறது.

கிணறுகள் உவராகிறதை ஆராய்ந்து எழுத உங்கள் ஐந்து பேரையும் பழக்கினபோது, விடியவும் ஒருக்கால், மெசின் வைத்து இறைத்த பிறகும் ஒருக்கால் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள் என்று சொன்னவன் நான். நீர் மட்டும்தான் அச்சுவேலிக் கிணற்றுக்கு இரண்டு தரமும் சைக்கிளில் போனீர். இறைத்தபின் உவர், விடியற்காலையில் நல்ல தண்ணீர் என்று எழுதித் தந்தீர். பின்பாதியை வெட்டினேன். இடமில்லை என்று உமக்குச் சொன்னது பொய். அந்த வரி நின்றால் தலைப்பின் காரம் போய்விடும், அவ்வளவுதான்.

பிறகு அந்தக் கிணற்றுக்காரர் இளையதம்பியர் பத்திரிகையோடு வந்து நின்றார். அது மகள் பத்மாவதிக்குச் சீதனமாக எழுத இருந்த காணியின் கிணறு. செய்தியைப் பார்த்து மாப்பிள்ளை பகுதி விலகிவிட்டது. மனிசன் கத்தவில்லை, ஆர் எழுதினது என்று மட்டும் கேட்டார்.

"பழகிற பிள்ளை, சரியாப் பாக்கேல்லை" என்றேன்.

நீர் பக்கத்து மேசையில் இருந்தீர். உம்முடைய கொப்பி என் முன்னால் விரித்தபடி கிடந்தது. சீ, நானும் ஒரு மனிசன். நீர் எழும்பிப் போனீர். அடுத்த கிழமை ஊரைவிட்டே போய்விட்டீர். அங்கே பாலர் வகுப்பு நடத்துகிறீராம், பேனை தொடுவதே இல்லையாம்.

போன ஞாயிறு இளையதம்பியர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். பத்மாவதிக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை அந்தப் பிள்ளைக்குச் சொன்னனீங்களோ?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

முதற்பக்கத்தில் என் பெயரிலேயே திருத்தம் போட்டிருக்கிறேன். அந்தத் துண்டு இத்துடன் இருக்கிறது. இரண்டு வருசம் பிந்தின திருத்தம்.

திரும்பி வாரும் என்று கேட்க எனக்கு முகமில்லை. எழுதுவதை மட்டும் விட்டுவிடாதேயும், பிள்ளை. எழுதினால் ஒரு பிரதியை உம்மிடமே வைத்துக்கொள்ளும். என்னைப் போன்ற ஆளை நம்பி முழுவதையும் கொடுத்துவிடாதேயும்.

நீர் நல்லாயிருக்க வேணும்.

ஆசிரியர் என்று போடக் கூசுகிற,
சீவரத்தினம்