கியர் சைக்கிளில் ஏழுமலை

மயிலாப்பூர், ஞாயிறு இரவு, பிப்ரவரி 1973

இன்று அடையாறில் சைக்கிள் விழா. புதிதாக வந்த கியர் சைக்கிளைப் படமெடுக்க ஒரு கம்பெனி என்னைக் கூலிக்கு அமர்த்தியிருந்தது. பந்தயத்தில் கம்பெனி ஆள் அதை ஓட்டித் தோற்றான். ஜெயித்தவர் பாலவாக்கத்து ஏழுமலை, மீன் கூடை கட்டும் பழைய சைக்கிளில்.

கம்பெனி மேனேஜர் அசரவில்லை. "அவனை நம்ம சைக்கிள்ல உக்கார வை. மாலையோட எடு. விளம்பரத்துக்கு அது போதும்." பொய் என்று தெரிந்தேதான் எடுத்தேன். ஃபிலிமில் கடைசியாக மிச்சமிருந்ததில் கியரை மட்டும் கிட்டப் போய் எடுக்கச் சொன்னார். அதையும் எடுத்தேன்.

ஏழுமலை தன் சைக்கிளைத் துண்டால் துடைத்து உருட்டிக்கொண்டு வந்தார்.

"நைனா, ஜெயிச்சது இதானே? இத்தோட ஒண்ணு புடி. ஊட்ல மாட்டணும்."

"கூடையும் கட்டிக்கோ மாமா, அப்பதான் ஊட்ல அடையாளம் தெரியும்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். ஏழுமலையும் சிரித்தார்.

ஃபிலிம் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இப்படிக் கேட்பவர்களுக்கு ஃபிலிம் இல்லாத கேமராவில் வெறும் பட்டனைத் தட்டி அனுப்பிவிடுவோம். தட்டினேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்ப வரட்டும்?"

"வியாழக்கிழமை. மயிலாப்பூர்ல என் ஸ்டுடியோவுக்கு."

மேனேஜர் மேல் அங்கேயே கோபம் வந்தது. என் மேல் இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் குளித்தேன், சாப்பிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை அவர் அவ்வளவு தூரம் மிதித்து வருவார். கொடுக்க என்னிடம் இருப்பது அந்தக் கியர் சைக்கிள் படம்தான். அதைத்தான் அவர் வீட்டில் மாட்டுவார்.